தெற்கே பார்த்த விளக்கு

திரை சுருண்டு மேலே ஏறியதும் மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. நான் மேடையின் பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கயிற்றுக்கு அப்போது ஒரு வேலையும் கிடையாது. பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மேடையில் ஒரு தபால் கந்தோர் கிளார்க்கின் வீடு. முன்னால் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். பின்னால் முழு அகலத்துக்கும் நான் எழுதிய சீன் தொங்கியது. நாடக மேடையில் பின்னால் தொங்கும் ஓவியத் துணியை எங்கள் ஊரில் சீன் என்றுதான் சொல்வோம்.

கிளார்க்காக நடித்தவர் இரண்டு கைகளையும் விரித்து, "இன்றுதான் இந்த இல்லத்தில் ஒளி பிறந்திருக்கிறது!" என்று முழங்கினார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். கதைப்படி சந்தோஷமான கட்டம்.

அந்த நேரம் பார்த்து, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், செல்லம்மா அத்தை எழுந்து நின்றார்.

அத்தை என்றால் என் தாய்மாமனின் மனைவி. என் பெற்றோர் ரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். படிப்புக்காக என்னை மாத்தளை டவுனில் மாமா வீட்டில் விட்டார்கள். படிப்பு பாதியில் நின்றது, நான் மட்டும் அங்கேயே தங்கிவிட்டேன். மாமாவுக்கு மிளகு, கராம்பு, கொக்கோ வாங்கி விற்கிற கடை. நான் கடையில் மூட்டைக்கு மேல் அடையாளம் எழுதுகிறவன். எழுத்தோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. மூட்டையில் பூவும் கொடியும் வரைந்தேன். கொழும்பு வியாபாரி ஒருவர், "இது என்ன, சீர்வரிசையா?" என்று மாமாவைக் கேட்டுவிட்டார்.

நாடகத்துக்குச் சில வாரங்களுக்கு முன் மாமா தீர்ப்புச் சொல்லியிருந்தார். "இந்த சீனு நல்லா வந்துச்சுன்னா நீ பிரஷ்ஷப் புடிச்சுக்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லன்னா மாசி முடிஞ்ச கையோட கலேவெலக் கடைக்குப் போற."

கலேவெலயில் மாமா புதிதாக ஒரு கிளை போட்டிருந்தார். செத்தல் மிளகாயும் எள்ளும் வாங்குகிற கடை. எனக்கு மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் போனாலே தும்மல். கலேவெல வாசகர்கள் கோபிக்க வேண்டாம், ஊரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே போயிருந்தால் இன்றைக்கு இந்தத் தொடரை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். நான் மிளகாயைப் பற்றி எழுதியிருக்கவும் மாட்டேன்.

ஆகவே அன்றைக்கு அத்தை எழுந்து நின்றபோது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது கலேவெல மிளகாய் மூட்டைதான். அத்தை ஏன் எழுந்தார் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பப்பாசிப் பழத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கும் போகாத படிக்கட்டு

போன வாரம் மாமாவின் கொக்கோ ஸ்டோரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "ஓவியத்தை எங்கே ஐயா கற்றீர்கள், ஏலக்காய் மூட்டைக்குள்ளா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட அப்படித்தான்.

எங்கள் கடைக்கு எதிர்ச்சாரியில் ஹமீது நானாவின் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானாவுக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். மெல்லிய ஆள், மெதுவான பேச்சு. படம் பிடிக்கும்போது மட்டும் குரல் மாறும். "தலைய ஆட்டாதீங்க!" என்று அவர் போடுகிற சத்தத்தில் மாப்பிள்ளைகள் விறைத்துப்போவார்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகள் எல்லாரும் திடுக்கிட்ட முகத்தோடு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூட்டையில் நான் வரைந்த பூவைப் பார்த்துவிட்டு நானா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆளுங்க நிக்கிற எடத்துக்குப் பின்னால நல்லதா ஒரு சீனரி போட்டுத் தாங்க. ஆனா மனுசனும் வேணாம், குருவி கொக்கும் வேணாம். வாப்பா கண்டா ஏசுவாங்க."

நான் ஒரு சலவைக்கல் படிக்கட்டு வரைந்தேன். சலவைக்கல்லை நான் பார்த்தது கிடையாது. ஏதோ ஒரு காலண்டரில் இருந்த படிக்கட்டு அது. வளைந்து வளைந்து மேலே போகும். மேலே மாடி கிடையாது, துணி முடிந்துவிட்டது. மாத்தளையில் அந்தத் தலைமுறைக் கல்யாணப் படங்களில் பாதியில் அந்தப் படிக்கட்டைக் காணலாம். எல்லாரும் அடிப்படியில் நிற்கிறார்கள். ஏறத் துணிந்தவர் ஒருவரும் இல்லை.

அதற்கு எனக்கு ஊரில் நல்ல பெயர் கிடைத்தது. நானும் என்னைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நடையே மாறிவிட்டது என்று அத்தை சொல்வார்.

வெள்ளிக்கிழமைப் படங்கள்

நானாவின் வாப்பா ஸ்டூடியோவின் முன்வாசலால் வரமாட்டார். முன்கண்ணாடி முழுக்க முகங்கள், அதனால் பின்கதவால் வந்து உள் அறையில் உட்காருவார். உயிருள்ளவற்றின் உருவம் பிடிப்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று அந்தத் தொழிலில் அவருக்குச் சம்மதம் இல்லை. மகன் போடுகிற சோற்றைத் தின்பார், மகன் எடுத்த படத்தைப் பார்க்கமாட்டார். அது நானாவின் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஊரே மெச்சுகிற வேலையைப் பெற்ற தகப்பன் திரும்பிப் பார்க்காவிட்டால் யாருக்குத்தான் தாங்கும்?

நானா ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, கடை திறக்குமுன், உள் அறை ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டு வெறும் சாமான்களைப் படம் பிடிப்பார். ஒரு குடை, ஒரு தண்ணீர்க் கூஜா, உடைத்த கொக்கோக் காய். விற்க முடியாத படங்கள். அவற்றைக் கழுவிக் காயவைத்து வாப்பாவின் கையில் கொடுப்பார்.

"உசிரில்லாத சாமான்தானே வாப்பா. பாருங்க."

ஒரு வெள்ளிக்கிழமை படிக்கட்டுத் திரையில் ஒரு கிழிசலைச் சரிசெய்யப் போனேன். வாப்பா ஒரு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தப் பழம் நேத்து வெட்டினதா?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா. ராவைக்கு வெட்டி வெச்சது. எப்பிடிக் கண்டீங்க?"

"ஓரம் காஞ்சு ஈக்கி." ஈக்கி என்றால் அவர்கள் பேச்சில் இருக்கிறது.

நான் எட்டிப் பார்த்தேன். தகரத் தட்டில் பாதி பப்பாசி, பக்கத்தில் ஒரு கத்தி, மேசையில் சிதறிய சில விதைகள். வெளிச்சம் இடது பக்கத்து ஜன்னலிலிருந்து வந்தது, வலது பக்கம் இருட்டு. அவ்வளவுதான் படம். கிழவர் சொன்ன மாதிரியே வெட்டு வாயின் ஓரம் லேசாகச் சுருங்கியிருந்தது.

பப்பாசியை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. தின்றிருக்கிறேன்.

என்னை நிறுத்தியது கத்திதான். அதன் பிடி மேசை ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ வெட்டிக்கொண்டிருந்தவர் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார். ஆள் இல்லாத படத்தில் ஆள் இருந்தார். நான் திரும்பி என் படிக்கட்டைப் பார்த்தேன். அதிலிருந்து யாரும் இறங்கிப் போனதும் இல்லை, யாரும் வரப்போவதும் இல்லை. எனக்குக் கெட்ட கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு வேண்டாம் என்றேன். அத்தை, "பசிச்சாத் தானா வரும்" என்று சட்டியை மூடிவிட்டார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான் அங்கே போகத் தொடங்கினேன். நானா ஒரு கோப்பையை நகக்கண் அளவுக்குத் தள்ளுவார். கேமராத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். வெளியே வந்து பழைய இடத்துக்கே தள்ளுவார். எனக்குப் பொறுமை போகும்.

"நானா, கோப்பை கோப்பைதானே, எங்க இருந்தா என்ன?"

"இல்ல தம்பி. நெழல் இப்ப மேசயோட ஒட்டல்ல. கோப்ப பறக்குது, பாருங்க."

பார்த்தேன். பறந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு என் ஓவியங்களில் எத்தனை சாமான்கள் பறக்கின்றன என்று எண்ணத் தொடங்கி, மனம் நொந்து நிறுத்திக்கொண்டேன்.

அரண்மனையில் ஒரு கிளார்க்

எங்கள் வாலிபர் சங்கம் ஒவ்வொரு மாசியிலும், அம்மன் கோயில் தேரை ஒட்டி, ஒரு நாடகம் போடும். எழுதி இயக்குகிறவர் தர்மலிங்கம் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், மேடையில் ஏழைகளின் கண்ணீரைத் துடைப்பவர்.

சீன்கள் கண்டியிலிருந்து வாடகைக்கு வரும். தர்பார், காடு, தெரு, பூந்தோட்டம். இந்த நான்குதான் உலகம். புராண நாடகத்துக்கு இது போதும். மாஸ்டரோ சமூக நாடகம் எழுதினார். முந்தின வருடம் அவருடைய கதாநாயகன், வேலை போன தொழிலாளி, தங்கத் தூண்கள் வைத்த தர்பாருக்கு முன்னால் நின்று "ஒரு பிடி அரிசிக்கு வழியில்லையே!" என்று கதறினான். பின்வரிசையிலிருந்து ஒருவன், "தூண வித்து வாங்குங்கய்யா!" என்று கத்தினான். கூட்டம் அப்படியே புரண்டது. மாஸ்டர் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

அந்த அவமானத்தில்தான் அவர் என்னிடம் வந்தார். "ராசு, எனக்கு ஒரு வீடு வேணும். சாதாரண வீடு. உன்னால முடியுமா?"

"முடியும் சார்" என்றேன். தர்பார் எழுதச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். சாதாரண வீடு எவ்வளவு கஷ்டம் என்று தெரியாத வயது. மாமாவின் தீர்ப்பு வந்தது அன்றைக்கு மாலையில்தான்.

முதலில் ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஒரு கதவு என்று காகிதத்தில் கோடு போட்டேன். பள்ளிக்கூடம் மாதிரி வந்தது. கதவுக்குப் பக்கத்தில் கிளார்க்கின் மனைவியை நிற்கவைத்தேன். அவள் போட்டோவுக்கு நிற்கிறவள் மாதிரி முழித்தாள். அழித்தேன். அழித்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கத்திப் பிடி நினைவுக்கு வந்தது. மனைவி வேண்டாம், அவள் வைத்துவிட்டுப் போன சாமான்கள் போதும் என்று தோன்றியது. ஜன்னல் ஓரம் ஒரு சின்ன மேசை. அதில் ஒரு பித்தளைச் செம்பு, மூடி திறந்த குங்குமச் சிமிழ், நடுவில் ஒரு விளக்கு. இப்போதுதான் ஏற்றியது.

அதை மனதிலிருந்து எழுதினால் மறுபடியும் படிக்கட்டுதான் வரும். நானாவிடம் ஓடினேன். நான் சாமான் கொண்டுவருகிறேன், ஒரு படம் பிடித்துத் தாருங்கள் என்று கேட்டேன்.

"கொண்டு வாங்க" என்றார். "வாப்பாவுக்கும் காட்டலாம்."

அத்தையின் விளக்கு

செம்பும் சிமிழும் லேசாகக் கிடைத்தன. விளக்குதான் தகராறு. அத்தையின் சாமி அறையில் இருந்தது ஒரு பழைய குத்துவிளக்கு. அவருடைய அம்மா ஊரிலிருந்து கப்பலில் வரும்போது சேலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தது. உச்சியில் இருந்த அன்னம் உடைந்து எப்போதோ தொலைந்துவிட்டது. எண்ணெய்த் தட்டின் ஒரு பக்கத்தில் ஒரு பள்ளம். சின்ன வயதில் நான் தட்டிவிட்டு விழுந்த பள்ளம் என்று அத்தை சொல்வார். எனக்கு ஞாபகமில்லை, ஆனால் வீட்டில் எது நசுங்கினாலும் அது என் கணக்கில்தான் எழுதப்படும்.

அந்த மார்கழியில் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்து கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டிருந்தார். அதிலிருந்து அத்தைக்கு அந்த விளக்கு வெறும் விளக்கு இல்லை. விளக்கை ஒரு திரியில்தான் ஏற்றுவார், முகத்தைக் கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று சுடரைக் கவனிப்பார். புருஷனின் மூச்சை எண்ணுகிற மாதிரி எண்ணுவார். ஒரு பொழுதுகூட அதை ஏற்றாமல் விட்டதில்லை.

"துலக்கித் தர்றேன் அத்த" என்றேன்.

"நீயா?"

"ஆமா. புளி போட்டு, சாம்பல் போட்டு."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொழுது சாயிறதுக்குள்ள எடத்துல இருக்கணும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை, விளக்கைத் துணியில் சுற்றி எதிர்ச்சாரிக்குக் கொண்டுபோனேன். நானா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உச்சியில பறவ ஒண்ணு ஈக்கிமே இதுல?"

"ஒடஞ்சு போச்சு நானா."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று மேசையில் வைத்தார். திரியை ஏற்றி, பக்கவாட்டில் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். "மொகத்த இங்கால திருப்புங்க. நேரா என்னயப் பாக்கட்டும். ஆ, இப்ப பள்ளத்துல வெளிச்சம் உழுது. ஆடாதீங்க, மூச்சு உடாதீங்க."

அவருக்கு விளக்கின் திசை தெரியாது, தெரிய நியாயமும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அப்போது சுடர்தான் தெரிந்தது, அதன் கீழே பள்ளத்துக்குள் ஒரு சொட்டு வெளிச்சம் தேங்கி நின்றது தெரிந்தது. விளக்கு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேமரா எந்தத் திசையில் இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

படம் வந்தபோது வாப்பா அதை வழக்கத்தை விடக் கூடுதலாகப் பார்த்தார். "எண்ணெ கொஞ்சமாத்தான் ஈக்கி" என்றார். நானாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

எனக்குத்தான் தலைவலி. படம் கறுப்பு வெள்ளை. வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று எல்லாம் சொல்லிவிட்டது. பித்தளை நிழலில் என்ன நிறம் என்று மட்டும் சொல்லவில்லை. மஞ்சளா, பச்சையா, மண்ணா? அதைத் தெரிந்துகொள்ள நான் வீட்டில் சாமி அறையில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் அத்தை விளக்கேற்றும் நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அத்தை மலைத்துப் போனார். "பையனுக்கு பக்தி வந்திருச்சு" என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னார். திருநீற்றை அள்ளிப் பூசினார். அவித்த கடலையில் எனக்கு இரண்டாவது தடவையும் விழுந்தது. நான் கூச்சமில்லாமல் தின்றேன். நிழலில் பித்தளை பாசிப்பயற்றின் நிறம் என்பதையும் கண்டுபிடித்தேன்.

சீனைக் கொக்கோ ஸ்டோரின் தரையில் காடாத் துணியை விரித்து எழுதினேன். பவுடர் சாயத்தை வச்சிரப் பசையில் கலந்து பூசுவது எங்கள் முறை. பசை குறைந்தால் சாயம் உதிரும். சுவருக்கும் ஜன்னலுக்கும் பசையைத் தாராளமாக ஊற்றிவிட்டு, விளக்குக்கு வந்தபோது அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தண்ணீர் விட்டுச் சமாளித்தேன். ஸ்டோர் தரையில் கிடந்தபோது விளக்கு கூரையைப் பார்த்தது. கூரைக்கு ஏது திசை?

பள்ளிக்கூட மண்டபத்தில் சீனைக் கட்டிய அன்று மாஸ்டர் முதல் ஆளாக வந்து பார்த்தார். "கிட்டப் போனா சுடும்போல இருக்கு" என்றார். ஒத்திகைக்கு வந்த எல்லாரும் பார்த்தார்கள், மெச்சினார்கள். எல்லாரும் ஆண்கள். வீட்டில் விளக்கேற்றுகிறவர் ஒருவர்கூட அங்கே இல்லை.

மேடை மண்டபத்தின் வடக்குக் கோடியில் இருந்தது.

மறுபடியும் மூன்றாவது வரிசை

எழுந்து நின்ற அத்தை உட்காரவில்லை. பக்கத்தில் இருந்தவர் சேலையைப் பிடித்து இழுத்தார். அத்தை கையைத் தட்டிவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோபம் என்று நினைத்தேன், கோபம் இல்லை. பயம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெற்கே பார்த்து விளக்கு ஏற்றுவது இழவு வீட்டில், பிணத்தின் தலைமாட்டில். நல்ல நாளில் மறந்தும் யாரும் செய்யமாட்டார்கள். நான் எழுதிய விளக்கு சனங்களைப் பார்த்தது, சனங்கள் இருந்தது தெற்கே. அதுவும் கல்யாண வீட்டில். அதுவும் பள்ளத்தோடு, அன்னம் இல்லாமல், அத்தையின் சொந்த விளக்கு. புருஷன் இப்போதுதான் பிழைத்து வந்து ஆண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எதிரே ஊரறிய அது தெற்கே பார்த்து எரிகிறது.

அத்தை நடந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே, முழங்கால்களை விலக்கிக்கொண்டு, மேடைக்கு ஏறும் பக்கப் படியை நோக்கி விறுவிறுவென்று வந்தார். கிளார்க் இரண்டாவது தடவையாக "இந்த இல்லத்தில் ஒளி" என்று தொடங்கி, அத்தையைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்றார் அத்தை.

கிளார்க் தள்ளி நின்றார். அத்தை நேராக அந்த மேசைக்குப் போனார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். வீட்டில் செய்வதைப் போலவே குனிந்து, விளக்கைக் கிழக்கே திருப்ப இரண்டு கைகளையும் நீட்டினார்.

கை துணியில் பட்டது. மேசை நெளிந்தது. சுவர், ஜன்னல், செம்பு எல்லாம் சேர்ந்து அலைபோல் ஒருமுறை ஆடி நின்றன.

அத்தை அப்படியே குனிந்தபடி நின்றார். பிறகு யாரோ ஒருவர் களுக்கென்றார். அது போதுமாக இருந்தது. கூரை ஓடு பறக்கிற மாதிரிச் சிரிப்பு.

எனக்கு ஒரே சமயத்தில் பயமும் சந்தோஷமும் வந்தன. உள்ளதைச் சொன்னால், சந்தோஷம் கொஞ்சம் கூடுதல். கண்டியிலிருந்து வந்த தர்பாரில் இரண்டு பக்கமும் விளக்குகள் உண்டு. எத்தனையோ வருடம் அவை எல்லாம் தெற்கே பார்த்து எரிந்தன. ஒருவரும் எழுந்து நின்றதில்லை.

அத்தை நிமிர்ந்தார். சிரிக்கிற சனத்தைப் பார்த்து, "என்ன இளிப்பு? ஒங்க வீட்டு வெளக்கா இருந்தாத் தெரியும்!" என்றார். சிரிப்பு பாதியாகக் குறைந்தது. பிறகு பக்கத் தட்டியைப் பார்த்தார். கயிறும் கையுமாக நான்.

"டேய் ராசு! இதுக்காடா சாமி ரூமுல குந்திக்கிட்டு இருந்த?"

"ஆமா அத்த."

"பக்தி இல்ல?"

"இல்ல அத்த."

மண்டபம் மறுபடியும் வெடித்தது. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு திரையை இறக்கச் சொன்னார். இறக்க வேண்டிய கயிறு என் கையில் இருந்த கயிறுதான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரைக்குப் பின்னால் மாமா ஏறி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சீனுக்குக் கிட்டப் போனார், பின்வாங்கினார், மறுபடி கிட்டப் போனார். வியாபாரத்தில் மிளகைக் கையில் அள்ளிப் பார்க்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஆமா" என்றார். "நம்ம வெளக்குத்தான்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கலேவெலக்கு..." என்று தொடங்கினார்.

அத்தை விடவில்லை. "கலேவெலக்கு வேற ஆளப் பாருங்க. இவனுக்கு இங்க வேல கெடக்கு." என் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் நாடகம் இருக்குல்ல? அதுக்குள்ள அத கெழக்கப் பாக்க வரஞ்சு வை. ஒங்க மாமா இருக்குற சபையில அது இப்பிடி எரியக் கூடாது."

சொல்லும்போது விரலை ஆட்டினார். விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. தண்ணீர் விட்டுச் சமாளித்த பசையின் வேலை. அத்தையும் அப்போதுதான் கவனித்தார். கையைப் பார்த்தார், சீனைப் பார்த்தார். சேலையில் துடைக்கப் போனவர் துடைக்கவில்லை.

நான் தட்டிக்குப் பின்னால் போய் அழுதேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. கலேவெல போகவேண்டியதில்லை என்பதால் மட்டும் இல்லை.

மேற்குச் சுவர்

மறுநாள் பகல் முழுக்க உட்கார்ந்து விளக்கைக் கிழக்கே திருப்பினேன். படம் கெட்டது. முகம் பக்கவாட்டில் போனதும் பள்ளம் மறைந்தது, பள்ளத்தில் தேங்கிய வெளிச்சம் போனது. சரிபார்க்க வந்த நானா வாய்விட்டே சொன்னார், "வெளிச்சம் செத்துப் போச்சு தம்பி."

"எங்க மாமா இருக்கணுமே நானா" என்றேன்.

அந்தக் கெட்ட படத்தை வைத்துக்கொண்டே சங்கம் பல வருடம் நாடகம் போட்டது. மாமாவும் பல வருடம் இருந்தார். அதற்கான பெருமையில் ஒரு பங்கை அத்தை எனக்குக் கொடுத்து வந்தார். நான் மறுக்கவில்லை.

தேர் முடிந்த வாரத்தில் அத்தை எதிர்ச்சாரிக்குப் போனார். வீதியைக் கடந்து ஸ்டூடியோவுக்குள் அவர் போனது அதுதான் முதல் தடவை. படம் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, நானா அவசரமாக என் படிக்கட்டுத் திரையை இறக்கியிருக்கிறார்.

"என்னைய புடிக்க வேணாம் தம்பி. எங்க வெளக்கப் புடிச்சீங்களாமே, அதக் குடுங்க."

நானா கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக் கொடுத்தார். அத்தை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று மெல்லச் சுற்றினார். வடக்குச் சுவரைக் காட்டி, "அதுல கூடாது" என்றார். படம் தெற்கே பார்க்கும். மேற்குச் சுவரில் என்னை ஆணி அடிக்கச் சொன்னார். அங்கே மாட்டினால் விளக்கு நேராகக் கிழக்கே பார்க்கும், பள்ளத்தில் வெளிச்சமும் அப்படியே இருக்கும். எனக்கும் நானாவுக்கும் மாஸ்டருக்கும் அது தோன்றவே இல்லை.

மாட்டிவிட்டு நான் இறங்கினேன். அத்தை கிட்டே வந்து நின்று பார்த்தார். சுடர் சரியாக எரிகிறதா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு, ஒரு விரலை மட்டும் நீட்டி, மெதுவாகக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.